புதன்கிழமை எண்ணிக்கை

கல்வி அலுவலகத்தில் அவளை எண்ணிக்கை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. வருஷத்துக்கு ஒரு வாரம் பள்ளி பள்ளியாகப் போய், காலை மணி அடித்ததும் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு வருவது அவள் வேலை. எந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்பது அந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவாகும். பள்ளிப் பதிவேட்டில் இருக்கும் பெயர்களை அலுவலகம் நம்பாது. பெயரை யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாமே! ஆகவே ஒன்பது மணிக்கு மணி, ஒன்பதே காலுக்கு எண்ணிக்கை. அதற்குப் பிறகு மூச்சிரைக்க ஓடி வருகிற பிள்ளை, அலுவலகத்தைப் பொறுத்தவரை பிறக்கவே இல்லை.

தொடர்ந்து இரண்டு வருஷம் இருநூற்றுக்குக் கீழே இறங்கினால், அந்தப் பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியரைப் பிடுங்கி ஆள் தேவைப்படும் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். மேட்டுப் பள்ளி போன வருஷம் இறங்கியிருந்தது. இந்த வருஷமும் இறங்கினால் அங்கிருக்கும் கணக்கு வாத்தியார் கடிகாரப் பள்ளிக்கு வருவார். கடிகாரப் பள்ளியில் கணக்கு வாத்தியார் ஓய்வு பெற்று நான்கு மாதம் ஆகிறது. அங்கே பத்தாம் வகுப்பில் படிப்பது எண்ணிக்கை அக்காவின் ஒரே மகள்.

"அம்மா, இன்னிக்குத்தானே மேட்டுக்குப் போற?" என்று மகள் அன்று காலை தலை வாரிக்கொண்டே கேட்டாள். "சாரைக் கையோட கூட்டிட்டு வந்துடு."

"சார் என்ன காய்கறியா, பையில போட்டுக் கொண்டுவர?"

"பரீட்சைக்கு மூணு மாசம்தான் இருக்கு. கணக்குல நான் கோட்டை விட்டா அப்புறம் என்னைத் திட்டக் கூடாது, சொல்லிட்டேன்."

பெண் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் கணக்கில் குறைந்தால் மேலே அவள் ஆசைப்படுகிற பிரிவு கிடைக்காது என்பது இருவருக்கும் தெரியும். அறிவியலில் அவள் புலி. இரண்டு வருஷமாக வகுப்பில் முதல். பரிசாகக் கிடைத்த கோப்பை அலமாரியில் நடுநாயகமாக நிற்கிறது. கணக்கிலோ நான்கு மாதமாக யாரும் பலகையில் ஒரு கோடு கூடப் போட்டுக் காட்டவில்லை.

ஜீப் எட்டரைக்கெல்லாம் மேட்டு அடிவாரத்துக்கு வந்துவிட்டது. அங்கே ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"மெயின் ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்காங்கம்மா. பின்பக்கச் சந்துலதான் போகணும்."

"போங்க அண்ணே, நேரத்துக்குப் போனா சரி."

பன்னிரண்டு வருஷமாக மேட்டுக்கு வருகிறாள். அந்தச் சந்துக்குள் நுழைந்ததே இல்லை. சந்தின் பாதியில் ஒரு தண்ணீர் லாரி வழியை மறித்துக்கொண்டு நின்றது. ஓட்டுநர் ஹாரனை அழுத்து அழுத்தென்று அழுத்தினார். லாரிக்காரர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. மணி எட்டு ஐம்பது. இதற்கு மேல் பொறுக்க முடியாது என்று அவள் ஃபைலை இடுக்கிக்கொண்டு இறங்கி நடந்தாள்.

லாரியை ஒட்டி நீளமாக ஒரு வரிசை. வரிசையில் முக்கால்வாசிப் பேர் பச்சைச் சீருடையில் இருந்தார்கள். முதுகில் புத்தகப் பை, கையில் குடம். ஒரு பெண் கவிழ்த்து வைத்த கேன் மேல் நோட்டை விரித்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். எண்ணிக்கை அக்காவுக்குப் பிள்ளைகளைக் கூட்டமாகப் பார்த்தால் கண் சும்மா இருக்காது. நடக்க நடக்கவே எண்ணிவிட்டாள். பச்சைச் சட்டை மட்டும் நாற்பத்தாறு.

"பள்ளிக்கூடத்துக்கு நேரமாகலையா?" என்று கேன் பெண்ணிடம் கேட்டாள்.

"ஆச்சு. ஆனா தண்ணி போயிடும்ல?"

"வீட்ல பெரியவங்க யாரும் இல்லையா?"

"அம்மா அஞ்சு மணிக்கே வேலைக்குப் போயிட்டாங்க. அப்பாவுக்கு நைட் ஷிப்டு, இன்னும் வரல. லாரி புதனும் சனியும்தான் வரும். சனின்னா லீவு, பிரச்சினை இல்ல." அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க புதுசா குடி வந்திருக்கீங்களா? குடம் வெச்சு இடம் போடணும். சும்மா நின்னா சேத்துக்க மாட்டாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நாலு எட்டு வைப்பதற்குள் அந்தச் சிரிப்பு இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது.

பள்ளியில் மணி அடித்தார்கள். ஒன்பதே காலுக்கு அவள் வகுப்பு வகுப்பாக எண்ணினாள். நூற்று அறுபத்தேழு. ஒரு முறைக்கு இரு முறை எண்ணியும் அதேதான். படிவத்தில் எழுதினாள். அடுத்த கட்டத்தில் 'வருகைக் குறைவுக்குக் காரணம்' என்று அச்சடித்திருக்கும். வருஷா வருஷம் அதில் அவள் எழுதுவது ஒன்றுதான்: பெற்றோரின் அக்கறையின்மை. எழுதப் பழகிய கை, பேனாவைக் கட்டத்தின் மேல் கொண்டுபோய் நிறுத்தியது. கட்டத்தைக் காலியாக விட்டுப் படிவத்தை மூடினாள்.

தலைமையாசிரியை தன் அறையில் உட்காரச் சொன்னார். நரைத்த தலை, குறும்பு குறையாத கண்.

"எத்தனை?"

"நூத்தி அறுபத்தேழு, மேடம்."

"போன வருஷத்தைவிட ரெண்டு கூட. முன்னேறிட்டுதான் இருக்கோம்." அவர் விரல் விட்டு எண்ணினார். "முதல்ல டிராயிங் சாரைக் கூட்டிட்டுப் போனீங்க. அப்புறம் விளையாட்டு சார், கம்ப்யூட்டர் டீச்சர், பாட்டு டீச்சர். கடைசியா சயின்ஸ் டீச்சர். இப்போ கணக்கு. இன்னும் கொஞ்ச நாள்ல நானும் பள்ளிக்கூட மணியும்தான் மிச்சம்."

"இன்னிக்கு லாரி வர்ற நாள்னு ஆபீசுக்கு ஒரு வார்த்தை எழுதிப் போட்டிருக்கலாமே, மேடம்?"

தலைமையாசிரியை மேசை இழுப்பறையைத் திறந்து நாலு தாள்களை எடுத்து முன்னால் வைத்தார். அலுவலகத்திலிருந்து வந்த பதில்கள். நாலிலும் ஒரே வாசகம்: 'எண்ணிக்கை நாட்கள் வாகன அட்டவணைப்படி நிர்ணயிக்கப்பட்டவை. மாற்றுவதற்கில்லை.' கீழே தட்டச்சு செய்தவரின் சுருக்கொப்பம். அவளுடையதுதான்.

வேறு நாள் கேட்டு எல்லாப் பள்ளிகளும் எழுதும். மழை என்பார்கள், காய்ச்சல் என்பார்கள். எல்லாமே சாக்கு என்று முடிவு கட்டி, படித்தும் படிக்காமலும் அனுப்புவதற்கென்றே இந்த வாசகத்தை அவள் தயாராக வைத்திருந்தாள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தலைமையாசிரியை நல்ல மனுஷி. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பத்தரை மணிக்கு ஈரப் பாவாடையும் நனைந்த கால்சட்டையுமாகப் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். ஒருவரும் திட்டவில்லை. மேல்வகுப்பில் கணக்கு வாத்தியார் பலகையைத் துடைத்துவிட்டுக் காலையில் நடத்திய பாடத்தை முதலிலிருந்து ஆரம்பித்தார். முதலில் வந்தவர்கள் பின்னால் வந்தவர்கள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்கள். புதன்கிழமைகளில் அவர் எல்லாவற்றையும் இரண்டு தடவை நடத்துவாராம். கேன் பெண் கதவோரம் நின்றவளைப் பார்த்துவிட்டு, 'நீங்களா?' என்பதுபோல் புருவத்தைத் தூக்கினாள்.

வாத்தியார் நன்றாக நடத்தினார். அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. இப்படி ஓர் ஆள் தன் மகளுக்கு முன்னால் மூன்று மாதம் நின்றால் போதுமே என்று மனசு அடித்துக்கொண்டது. திருட்டு மனசு என்று தன்னையே வைதுகொண்டாள். வைதாலும் அது அடங்கவில்லை.

மதியம் அலுவலகத்தில் பழைய அலமாரியைக் குடைந்தாள். எண்ணிக்கை பற்றிய சுற்றறிக்கை கிடைத்தது. 'குறிப்பிட்ட வாரத்தில் ஏதேனும் ஒரு வேலை நாளில்' என்றுதான் அதில் இருந்தது. புதன்கிழமை என்ற சொல்லே இல்லை. அப்படியானால் புதன் எங்கிருந்து முளைத்தது? அதற்கடியில் வாகன அட்டவணை இருந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தையது. கோடு போட்டு, கட்டம் கட்டி, அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. அவள் கையெழுத்து.

எல்லாம் நினைவுக்கு வந்தது. அப்போது அவள் வேலைக்குப் புதிது. மகளுக்கு மூன்று வயது. குழந்தைகள் காப்பகத்தைப் புதன்கிழமை மட்டும் மதியத்தோடு மூடிவிடுவார்கள். மற்ற பகுதிகளில் நாலைந்து பள்ளிகள். ஒன்றில் எண்ணிவிட்டு, மற்றவற்றில் எண்ணியவர்களிடம் படிவம் வாங்கி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிடும். மேட்டில் ஒரே ஒரு பள்ளி. பதினொரு மணிக்குத் திரும்பி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். ஆகவே மேட்டுக்குப் புதன். மகள் வளர்ந்து, காப்பகத்தை மறந்து, பத்தாம் வகுப்புக்கும் வந்துவிட்டாள். புதன் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. யாருக்கும் கெடுதல் நினைத்து அவள் அந்தக் கட்டத்தை நிரப்பவில்லை. நினைத்துச் செய்திருந்தால்கூட இவ்வளவு பிசகாமல் பன்னிரண்டு வருஷம் செய்திருக்க முடியாது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மகள் ஓடி வந்தாள்.

"எத்தனை வந்துச்சு?"

"நூத்தி அறுபத்தேழு."

"அப்படின்னா சார் வர்றாரு!" அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். படிவத்தைக் கொடுக்க வெள்ளி வரை நேரம் இருந்தது. கொடுத்தால் ஒரு தவறும் இல்லை, எண்ணியது எண்ணியபடி. நாற்பத்தாறு பிள்ளைகளை அவள் சந்தில் எண்ணினாள் என்பது ஓட்டுநருக்குக் கூடத் தெரியாது.

வியாழக்கிழமை அவள் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்து, அன்றைய பள்ளிகளை உடன் வேலை செய்பவரிடம் ஒப்படைத்துவிட்டு, பேருந்து ஏறி மேட்டுக்குப் போனாள். ஒன்பதே காலுக்கு எண்ணினாள். இருநூற்றுப் பதினொன்று. இரண்டு பேருக்குக் காய்ச்சல் என்று கேன் பெண் தகவல் சொன்னாள். தலைமையாசிரியை அந்த எண்ணை இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நன்றி என்று எதையாவது சொல்லிவிடப் போகிறாரே என்று பயந்து எண்ணிக்கை அக்கா வேகமாக வெளியே வந்துவிட்டாள்.

அன்று மதியம் அதிகாரி இரண்டு படிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"மேட்டுக்குப் புதன்தானே வழக்கம்?"

"அந்த வழக்கம் நான் போட்டதுதான் சார். சுற்றறிக்கையில அப்படி இல்ல."

புதன்கிழமைப் படிவத்தின் காரணக் கட்டத்தில் அவள் 'எண்ணிய நாள்' என்று எழுதி, போன வருஷங்களுக்கும் இதுவே காரணம் என்று ஒரு வரி சேர்த்திருந்தாள். அதிகாரி அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"உங்க பொண்ணு கடிகாரப் பள்ளிலதானே படிக்குது?"

"ஆமா சார்."

அவர் வியாழக்கிழமைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். கடிகாரப் பள்ளிக்குப் புதிதாக ஆள் எடுக்கக் கேட்டு எழுதலாம், வருவதற்கு எப்படியும் அடுத்த வருஷம் ஆகும் என்றார்.

வீட்டில் மகளிடம் ஒன்று விடாமல் சொன்னாள். லாரி, குடம், நாலு கடிதம், காப்பகம், அட்டவணை, எல்லாவற்றையும். முதலில் மகள் அழுதாள். பிறகு, "ஊருக்கெல்லாம் நியாயம் பார்க்க நான்தான் கிடைச்சேனா?" என்று கத்தினாள். அம்மா வாங்கிக் கட்டிக்கொண்டாள். வெகு நேரம் கழித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, எங்க சயின்ஸ் மிஸ்... அவங்க எங்கேர்ந்து வந்தவங்க?"

"மேட்டுலேர்ந்து."

"ரெண்டு வருஷம் முன்னாடியா?"

"ஆமா."

மகள் அலமாரிக் கோப்பையைப் பார்த்தாள். அங்கே தண்ணீருக்கு நிற்கிற, தன் வயசுப் பெண் ஒருத்திக்கு இரண்டு வருஷமாக அறிவியல் சொல்லித்தர ஆளில்லை என்பதை அவள் கணக்குப் போட்டு முடித்துவிட்டது முகத்தில் தெரிந்தது. குரல் இறங்கிவிட்டது.

"அவங்களையும் திருப்பி அனுப்பச் சொல்லுவியா?"

"சேச்சே, மாட்டேன்," என்றாள் எண்ணிக்கை அக்கா.

ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. மகளின் முகம் தெளிந்தது; அப்பாடா என்று மூச்சு விட்டு, எழுந்து கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தனியாகப் போட்டுப் பார்க்க உட்கார்ந்தாள். அம்மா அங்கேயே இருந்தாள். எழுதிக்கொண்டிருந்த மகளையும் அந்தக் கோப்பையையும் மாறி மாறிப் பார்த்தாள். வியாழக்கிழமை ஒருநாள் பேருந்து ஏறிவிட்டதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று காலையில் நினைத்தது நினைவுக்கு வந்து, அவளுக்கு வெட்கமாக இருந்தது.