கை வைத்தால் நிற்கும் இரைச்சல்

றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே இருந்த தன் வீட்டில் கஜேந்திரன் மாலை நேரங்களில் தங்கியதே இல்லை. ஹட்டனில் வங்கி வேலை முடிந்ததும் கிளப்பில் கேரம் ஆடிவிட்டு எட்டு மணி பஸ்ஸில்தான் திரும்புவார். மனைவி பிரியந்தி முன்னறையில் கரண்ட் மெஷினில் தோட்டத்துப் பெண்களுக்குச் சாரிச் சட்டை தைத்துக்கொண்டிருப்பாள். அவர் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் படுத்துவிடுவார். பதினான்கு வருஷத்தில் இதைப் பற்றி அவள் ஒரு சண்டையும் போட்டதில்லை. மனக்குறை இல்லை என்று அதற்கு அர்த்தமும் இல்லை.

போன வருஷம் ஒரு தோட்டத்து பங்களாவின் பழைய சாமான்களை விற்றபோது, கஜேந்திரன் ஒரு ரெக்கோட் பிளேயரையும் ஒரு பெட்டி இசைத்தட்டுகளையும் வாங்கி வந்தார். அம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் ஹட்டனில் சரிபுதீன் நானாவின் கடையில் எடுத்தவை. எல்லாவற்றையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இணைத்துப் பூட்டி முடித்தபோது, பிளேயருக்குப் பின்னால் மெல்லிய வயர் ஒன்று மிச்சமாகத் தொங்கியது. அவருக்கு எதுவும் துப்புரவாக இருக்க வேண்டும். அதைச் சுருட்டி, டேப் ஒட்டி மறைத்தார்.

சுவிட்சைப் போட்டதும் பாட்டுக்கு முன்னால் ஊம் என்று ஓர் இரைச்சல் வந்தது. ஸ்பீக்கருக்குள் குளவிகள் கூடு கட்டியிருப்பதுபோல அது பாட்டோடு கூடவே ஒலித்தது.

முதல் சந்தேகம் ஃபிரிட்ஜின் மேல் விழுந்தது. அதை ஒரு நாள் முழுக்க நிறுத்திவைத்ததில் மீன்குழம்பு கெட்டது, இரைச்சல் அப்படியே இருந்தது. பிறகு, தோட்டத்து ஃபெக்டரி மோட்டர்கள்தான் கரண்டைக் கெடுக்கின்றன என்று சரிபுதீன் நானா சொன்னார். குற்றம் வீட்டுக்கு வெளியே இருப்பது கஜேந்திரனுக்கு மிகவும் பிடித்துப்போனது. தோட்டத்தை நடத்தும் துரைக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினார். அதைக் கொடுப்பதற்குள் பௌர்ணமிப் போயா விடுமுறை வந்து ஃபெக்டரியை மூடினார்கள். இரைச்சல் லீவு எடுக்கவில்லை.

அன்றுதான் தற்செயலாக அவர் கை பிளேயரின் இரும்பு விளிம்பில் பட்டது. இரைச்சல் நின்றது. கையை எடுத்தார், வந்தது. மறுபடி வைத்தார், நின்றது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

மறுநாளிலிருந்து ஐந்தரை பஸ்ஸிலேயே வீடு வந்தார். ஒரு கை பிளேயரில், மறு கையில் தேத்தண்ணி. எழும்ப முடியாததால் பேசினார். வங்கியில் நடந்தது, கிளப்பில் நடந்தது, சின்ன வயதில் நடந்தது என்று பிரியந்தி கேட்டறியாததெல்லாம் வந்தது. மெஷினை ஓட்டிக்கொண்டே அவளும் பதில் சொன்னாள்.

மூன்றாம் நாள் காலை தூசி தட்டும்போது, டேப் கழன்று அந்த வயர் அவள் கண்ணில் பட்டது. அதன் நுனி கவட்டை மாதிரிப் பிரிந்திருந்தது. அம்ப்ளிஃபையரின் பின்னால் அதற்கென்றே ஒரு சின்னத் திருகாணி இருந்தது. கை செய்கிற வேலையை இந்த வயர் செய்யும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. பழையபடி சுருட்டி, டேப்பை நன்றாக அழுத்தி ஒட்டினாள்.

இரண்டாவது வாரம் கஜேந்திரனிடம் சொல்வதற்குக் கதை தீர்ந்தது. அதனால் தையலைக் கவனிக்கத் தொடங்கினார். நூல் டப்பாவை எந்தப் பக்கம் வைத்தால் நேரம் மிச்சம் என்று சொன்னார். அளவு கொடுக்க வந்த நாகலெட்சுமியிடம், கழுத்தை இவ்வளவு இறக்கி வைத்தால் குளிராதா என்று அக்கறையாகக் கேட்டார். அவள் துணியை எடுத்துக்கொண்டு வேறு தையல்காரியிடம் போனாள்.

மறுநாள் காலை பிரியந்தி ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள்.

மாலையில் கஜேந்திரன் பிளேயரில் கை வைத்தார், எடுத்தார். இரைச்சல் இல்லை. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முந்தின நாள் மேசையைச் சுவரிலிருந்து நாலு அங்குலம் நகர்த்தியது நினைவுக்கு வந்தது. உடனே சரிபுதீன் நானாவுக்கு ஃபோன் பண்ணி விஷயத்தை விளக்கினார். அந்த வாரமே நானாவும் தன் வாடிக்கைக்காரர்களுக்கு நாலு அங்குலத்தைச் சிபாரிசு செய்யத் தொடங்கினார்.

இனிக் கிளப்புக்குப் போவார் என்று பிரியந்தி காத்திருந்தாள். அவரோ பாட்டு இவ்வளவு சுத்தமாகக் கேட்கும்போது கிளப் எதற்கு என்று நாற்காலியிலேயே சாய்ந்தார். சுத்தமாகக் கேட்டதால் இன்னொன்றும் கேட்டது.

"நீ மெஷின ஓட்டுறப்ப பாட்டுல ஒரு கரகரப்பு வருது பிரியந்தி. இந்தப் பக்கம் முடியிற வரைக்கும் நிப்பாட்டி வையேன்."

பிரியந்தி மெஷினை நிறுத்தினாள்.

"அந்த ஊம் சத்தம் மேசைய நகத்துனதால போகலங்க. நீங்க சுருட்டி வச்ச வயர நாந்தான் மாட்டுனேன்."

"ஒனக்கு எப்ப தெரியும்?"

"மூணாம் நாளே."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க வீட்டுல இருந்தீங்களேன்னுதான்."

"அப்புறம் ஏன் மாட்டுன?"

"நீங்க வீட்டுலயே இருந்தீங்களேன்னுதான்."

பாட்டு முடிந்து தட்டு வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து ஊசியைத் தூக்கி வைத்தார். ஏதாவது பாட்டுக் கேட்க வேண்டுமா என்று இசைத்தட்டுப் பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். இத்தனை நாளில் இந்தக் கேள்வியை அவர் கேட்டது இதுதான் முதல் தடவை. பிரியந்தி ஒவ்வொன்றாகப் புரட்டி, அட்டையில் இருந்த கடல் படத்துக்காக ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அது வெள்ளைக்காரப் பட்டாளத்தின் பேண்ட் வாத்தியம். இருவருக்கும் பிடிக்கவில்லை. என்றாலும் இரண்டு பக்கத்தையும் முழுசாகக் கேட்டார்கள்.