எந்தச் சித்தம், ஐயா?

கணவனை அடக்கம் செய்த எட்டாம் நாள் அவள் போதகரின் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவள் ஒரு பலமாடிக் கட்டடத்தின் கட்டுமானத்தில் கிரேன் ஓட்டுபவள். கணவன் அதே கட்டடத்தில் சாரம் கட்டியவன். சாரம் சரிந்து பத்தாவது மாடியிலிருந்து விழுந்தான். போல்ட்டுகளைச் சரிபார்த்ததாகப் பொய்க் கையெழுத்துப் போட்டவர் மேற்பார்வையாளர் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள், அவரோ மறுத்துவிட்டார்.

“அடக்கத்துல தேவசித்தம்னு சொன்னீங்களே, போல்ட்டை முறுக்காம விட்டதும் தேவசித்தமா ஐயா? அப்போ அந்தாளுக்கு மாலை போட்டு மரியாதை பண்ணட்டுமா?”

போதகர் அவளை உட்காரச் சொல்லவும் மறந்து நின்றார்.

“தப்பு என்னோடதும்மா. அந்த ஒரு சொல்லுக்குள்ள பல விஷயம் இருக்கு. கொலை செய்யாதே, பொய் சொல்லாதேன்னு கடவுள் நம்மகிட்ட கேக்குறது ஒண்ணு. அது கட்டளை. அதை அந்த மனுஷன் மீறிட்டார்னா, கடவுள் அதை விரும்பவே இல்ல.”

“தடுத்திருக்கலாமில்ல?”

“தடுக்கல. அனுமதிச்சாரு. ஏன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேசினதுதான் அன்னிக்கு நான் பண்ண பாவம். இதெல்லாத்துக்கும் மேல அவர் தீர்மானிச்சது ஒண்ணு இருக்கு. அது நம்ம கண்ணுக்கு மறைவு. நம்ம கையில குடுத்தது கட்டளை மட்டும்தான்.”

அவள் படியிறங்கிப் போனாள்.

விசாரணை இழுத்துக்கொண்டே போனது. ஏழு மாதம் கழித்து மேற்பார்வையாளர் வேலைக்குத் திரும்பினார். அவள் அவர் முகத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

ஒரு நாள் முற்பகல், அடித்தளக் குழியில் சாய்த்து வைத்திருந்த கான்கிரீட் பலகை சறுக்கி மேற்பார்வையாளரின் கால்கள்மேல் விழுந்தது. விளிம்பு விரலளவு விரலளவாக அவர் மார்பை நோக்கி நகர்ந்தது. மேலே கிரேன் அறையில் இருந்தவளுக்கு, வாக்கி-டாக்கியில் கொக்கி மாட்டுபவனின் குரல் கேட்டது.

“அக்கா, காத்து அளவு தாண்டியிருக்கு. நீங்க முடியாதுன்னா யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க.”

உண்மைதான். அந்தக் காற்றில் தூக்கக் கூடாது என்பதுதான் விதி. கீழே அந்த ஆள் புழுவாய்த் துடிப்பது தெரிந்தது. அவளுக்குள் ஓர் இனிப்பு ஊறியது. அந்த இனிப்பைக் கண்டு அவளே நடுங்கிப்போனாள்.

“கொக்கியை மாட்டிட்டு எல்லாரும் விலகுங்க. காத்து இறங்கின உடனே தூக்குறேன்.”

காற்றின் வேகம் காட்டும் மானியில் முள் ஆடியது. ஆடிய முள் சட்டென்று படுத்தது. காலையிலிருந்து ஊளையிட்ட காற்று, யாரோ வாயைப் பொத்தியதுபோல் அடங்கியது. இன்னும் ஒரு நிமிடம் தாமதித்தாலும் யாருக்கும் தெரியாது. அந்த மௌனத்தில் தான் மட்டும் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. கிரேனின் நெம்புகோலை இழுத்தாள். பலகை எழும்பியது, அவரை இழுத்தெடுத்தார்கள். பலகையைத் தரையில் வைத்து முடித்ததும் காற்று மீண்டும் கம்பிகளில் அறைந்தது. மொத்தம் நான்கு நிமிடம்.

இறங்கி வந்தவளிடம் கொக்கி மாட்டுபவன் கேட்டான். “எப்படிக்கா மனசு வந்துச்சு?”

“மனசு எங்கப்பா வந்துச்சு? செய்யணும்னு இருந்துச்சு, செஞ்சேன்.”

மேற்பார்வையாளர் ஒரு காலை இழந்து பிழைத்தார். மூன்று வாரம் கழித்து மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே தன் கையெழுத்து பொய் என்று எழுதிக்கொடுத்தார்.

வேலை முடிந்து பேருந்துக்குக் காத்திருந்தபோது அவளுக்குச் சேதி வந்தது. வென்றுவிட்ட நிறைவு வரவில்லை, மயிர்க்கூச்செறிந்தது. அன்று அவர் செத்திருந்தால் உண்மையும் கூடவே புதைந்திருக்கும். அன்று அது அவளுக்குத் தெரியாது, கையில் இருந்தது கட்டளை மட்டும்தான். சாலையில் ஆட்கள் பையும் குடையுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரையும் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். மூன்று பேருந்துகள் வந்து போயின. அவள் எழுந்திருக்கவில்லை.