கவிழ்த்துப் போட்ட வரிசை

அச்சகத்தில் வெள்ளிக்கிழமை ஒருவருக்குத்தான் விடுப்பு என்று முதலாளி சொல்லிவிட்டார். கேட்டவர்கள் இரண்டு பேர். எனக்கு அன்று மதியம் மாலைக் கல்லூரியின் கணக்கியல் தேர்வு. வெட்டும் இயந்திரத்தில் நிற்கும் அண்ணனுக்கு, விடுதியில் தங்கிப் படிக்கும் மகளின் பள்ளியில் பெற்றோர் நாள். அவரை எல்லோரும் கட்டிங் அண்ணன் என்போம். அந்தப் பெயருக்கேற்ற பழக்கம் எதுவும் அவருக்குக் கிடையாது. காகிதம் மட்டும்தான் வெட்டுவார்.

"நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்றார் முதலாளி.

"பேச்சு வேணாம் தம்பி. பேசினா நீ விட்டுக்குடுத்துடுவ, எனக்கு அது செரிக்காது. சீட்டுப் போட்டுப் பாத்துடுவோம்" என்றார் அண்ணன்.

சாப்பாட்டு நேரத்தில் மடிப்பு மேசையில் போக்கர் ஆடினோம். அட்டை வெட்டிய மிச்சத் துண்டுகள்தான் பந்தயம். துண்டுகள் யாரிடம் முழுதும் சேர்கின்றனவோ அவருக்கு விடுப்பு. சீட்டைப் போட்டவர் பசை ஒட்டும் அக்கா. ஆளுக்குக் கையில் இரண்டு, நடுவில் இருவருக்கும் பொதுவாக ஐந்து. ஏழில் சிறந்த ஐந்துதான் கணக்கு.

கடைசி ஆட்டத்தில் நடுவில் ஐந்து, ஆறு, ஒன்பது, ராஜா, இரண்டு கிடந்தன. அண்ணன் தன் துண்டுகள் எல்லாவற்றையும் தள்ளினார். எனக்கும் அதே அளவுதான் இருந்தது. நானும் தள்ளினேன்.

"பந்தயத்தக் கடைசியா ஏத்தினவங்கதான் முதல்ல காட்டணும். காட்டுங்கண்ணே" என்றார் அக்கா.

அண்ணன் ஒரு ராஜாவையும் ஒன்பதையும் மல்லாத்தினார். "ரெண்டு ஜோடி."

என்னிடம் ஏழும் எட்டும் இருந்தன. ஐந்திலிருந்து ஒன்பதுவரை வரிசை. வரிசை இரண்டு ஜோடியை அடித்துவிடும். அந்த நொடியே நான் மல்லாத்தியிருக்க வேண்டும். ஆனால் எதையும் ஒருமுறை பார்த்து நம்பிப் பழக்கமில்லை எனக்கு. மனதுக்குள் எண்ணினேன். கையில் இருப்பது எட்டுதானா என்று ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். மறுபடி ஐந்திலிருந்து தொடங்கினேன்.

"சீட்டுக்குள்ள பிட்டு ஒளிச்சு வெச்சிருக்கியாடா?" என்றார் அக்கா.

என் தயக்கத்தைத் தோல்வி என்று அண்ணன் எடுத்துக்கொண்டார். போனை எடுத்தவர் அழைத்தே விட்டார்.

"பாப்பா, வெள்ளிக்கிழமை அப்பா வரேன். நிஜமாத்தான். எந்தச் சட்டை போட்டுட்டு வரணும்னு நீயே சொல்லு."

தோற்றவன் காட்ட வேண்டியதில்லை, கவிழ்த்து ஒதுக்கிவிடலாம். ஒதுக்கிய சீட்டு செத்த சீட்டு. அதில் என்ன இருந்தாலும் கணக்கில் வராது. இதெல்லாம் தெரிந்துதான் என் இரண்டையும் மிச்சக் கட்டின்மேல் கவிழ்த்தேன். "நீங்கதாண்ணே" என்றேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"அப்படி என்னத்த இவ்வளவு நேரம் அடைகாத்த?" அக்கா அவற்றைப் புரட்டினார். "அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு..." நடுவில் கிடந்த ஒன்பதில் அவர் விரல் நின்றது.

போனுக்குள் பெண் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். "அப்புறம் கூப்பிடுறேன் பாப்பா" என்று அண்ணன் துண்டித்தார்.

"பிச்சை போட்டியா?"

"இல்லண்ணே, சரியாப் பாக்கல..."

"நீயா? ஒரு பில்ல மூணு வாட்டி கூட்டிப் பாக்குற ஆளு, சீட்டப் பாக்கலயா?"

"செத்த சீட்டு செத்ததுதாண்ணே. ஜெயிச்சது நீங்க" என்றார் அக்கா மெதுவாக.

"சட்டம் தெரியும்மா. பிள்ளைகிட்ட சொல்லித் தொலைச்சுட்டேன். இல்லன்னா இந்த லீவ இவன் மூஞ்சியிலயே எறிஞ்சிருப்பேன்."

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "பரவால்லண்ணே, பரீட்சை அடுத்த தடவை எழுதிக்கலாம்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அதையும் சொல்லிக் காட்டிட்டியா" என்றார்.

மேசையில் கிடந்த அட்டைத் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினேன்.

வெள்ளிக்கிழமை அவர் போனார். அவருடைய இயந்திரத்தில் நான் நின்றேன். மறுநாள் காலை அவர் உள்ளே வந்ததும், எப்படியாவது பேசிவிட வேண்டும் என்று, "பாப்பா எப்படிண்ணே இருக்கா?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்காம்மா" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு அவர் இயந்திரத்தைப் போட்டார்.