படத்தைப் பார்க்காத ஓட்டல்

ஞாயிற்றுக்கிழமை மூன்று ஓட்டல்கள் சேந்தனின் வீட்டுக்கு வந்தன. நல்ல ஓட்டலைத் தேடி யாரும் அலைவதில்லை. ஓட்டல்தான் வந்து உட்காரும். பஜ்ஜியும் கேசரியும் கொடுத்து நாலு கேள்வி கேட்க வேண்டும். பிடித்திருக்கிறதா இல்லையா என்பதைப் பிறகு சொல்லி அனுப்பலாம்.

கேசரியை ரத்தினவேல் கிண்டினார். இறந்துபோன சுபத்ராவின் அண்ணன். தங்கையின் புருஷனுக்கு ஓட்டல் பார்க்க அவரை விட்டால் வேறு பெரியவர்கள் இல்லை.

சேந்தனுக்கு வேண்டியிருந்தது ஒரு துணை. ஒரு மணி நேரம், காசுக்கு. தொடுவதற்கு அல்ல. அவனிடம் ஒரு கேள்வி இருந்தது. ஆடியில் சாகப்போகிறவளுக்குச் சித்திரையில் அது தெரிந்திருக்காதா? இதைக் கேட்டதும் தெரிந்தவர்கள் எல்லோரும் காபி போடப் போய்விடுகிறார்கள். காசு வாங்கியவர் அப்படி எழுந்து போக முடியாது.

"துணை யாரா வேணா இருக்கட்டும் மாப்பிள்ளை," என்றார் ரத்தினவேல். "வர்றவ ஒரு மணி நேரத்துல போயிடுவா. ஓட்டல்தான் காலத்துக்கும் நிக்கும். குடும்பம் பார்த்து எடுக்கணும்."

முதல் ஓட்டல் ஏழு மாடி. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து உள்ளே வந்தது. உட்காரும்போது நீச்சல் குளம் தளும்பிச் சோபா நனைந்தது. சுவரில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்தது.

"அடடா, சின்ன வயசு. எதுல போனாங்க?"

"காய்ச்சல்னாங்க."

"பாவம். எங்ககிட்ட நல்ல மசாஜ் இருக்கு."

இரண்டாவது ஓட்டல் முன்பு அரண்மனையாக இருந்ததாம். அதுவும் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பஜ்ஜியைத் தின்றுகொண்டே, எந்த அறையில் யார் யாரோடு தங்கினார்கள் என்று கேட்காமலே சொன்னது.

"ஓட்டவாய்," என்றார் ரத்தினவேல், அது படி இறங்கும் முன்பே.

மூன்றாவது ஓட்டல் சாம்பல் நிறம். பெயர்ப் பலகை இல்லை. வந்ததும் மின்விசிறியைத் தானே இரண்டில் வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தது. தண்ணீர் மட்டும் குடித்தது. அந்த வீட்டுக்குள் வருகிற எவரும் முதலில் படத்தைத்தான் பார்ப்பார்கள். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர்கூட. இது பார்க்கவில்லை. ஒரு தடவைகூட.

"விஷயம் வெளியே போகாதே?" என்றான் சேந்தன்.

"எந்த விஷயம்?" என்றது ஓட்டல்.

என்ன நாகரிகம் என்று சேந்தன் நினைத்தான்.

"இதுவா மாப்பிள்ளை?" ரத்தினவேல் தட்டுகளை அடுக்கினார். "அரண்மனைக்கு என்ன குறைச்சல்? கொஞ்சம் பேசும், அவ்வளவுதானே."

"இதுதான் மச்சான்."

ரத்தினவேல் காபி போடப் போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம் சேந்தன் அந்த ஓட்டலுக்குப் போனான். வரவேற்பில் இருந்த பெண் சுவரைப் பார்த்து நின்றாள். சுவரைப் பார்த்தே வணக்கம் சொன்னாள்.

"உங்க பேரு?"

"சேந்தன்."

"சொல்லாதீங்க சார். கேட்கிறது எங்க வழக்கம். சொல்றது வழக்கம் இல்லை." முதுகுக்குப் பின்னாலிருந்து சாவியை நீட்டினாள். "வாடிக்கையாளர் அறையில காத்திருக்காங்க. நீங்கதான் இன்னைக்குத் துணை."

"நான்தான் வாடிக்கையாளர். காசு கட்டினது நான்."

"துணைங்க எல்லாருமே அப்படித்தான் சொல்றாங்க. அவங்க பேசுறப்ப குறுக்க பேசக்கூடாது. எழுந்து போகக்கூடாது. கேட்டதை வெளியே சொல்லக்கூடாது."

நடைவழி நடக்க நடக்க நீண்டது. மனம் மாறுகிறவர்களுக்கு அவகாசம் தரும் ஏற்பாடு அது. சேந்தனுக்கு மனம் மாறவில்லை. கதவு வந்தது.

உள்ளே சுபத்ரா உட்கார்ந்திருந்தாள். கடுகு நிறப் புடவை. கால்களை எப்போதும்போல நாற்காலி மேல் மடக்கியிருந்தாள். வெளியே மார்கழி. அறையின் காலண்டரில் சித்திரை. மின்விசிறி இரண்டில் ஓடியது. மூன்றில் வைத்தால் அவளுக்குத் தலை வலிக்கும்.

"உட்காருங்க," என்றாள், அந்நியரிடம் பேசும் குரலில். "போன வாரம் வந்தவர் நடுவுல நடுவுல உச்சுக்கொட்டிட்டே இருந்தார். நீங்க அப்படி இல்லையே?"

"இல்லைங்க."

"டாக்டர் ஆடி தாண்டாதுன்னு சொல்லிட்டார்."

சேந்தன் உச்சுக்கொட்டவில்லை.

"வீட்ல தெரியுமா?"

"அண்ணனுக்குத் தெரியும். இந்த இடத்தைப் பார்த்துக் கொடுத்ததே அண்ணன்தான்."

"உங்க வீட்டுக்காரருக்கு?"

சுபத்ரா சிரித்தாள். "அவரா? இளைச்சது அழகா இருக்குன்னார். புதுசா ஜாக்கெட் தைக்கக் கொடுன்னார். கொடுத்துட்டு இங்க வந்தேன்."

"அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா முகம் மாறிடுமே. மாறினா திரும்ப வராது. எனக்கு அந்த முகம் கடைசி வரைக்கும் வேணும். உங்க முகம் எப்படி மாறினாலும் எனக்கு ஒண்ணும் இல்லை. அதுக்குத்தானே காசு."

எழுந்து போகக்கூடாது என்பது சேந்தனுக்கு நினைவிருந்தது.

"தெரியவந்தா ஏமாத்திட்டதா நினைக்கமாட்டாரா?"

"நினைப்பார்," என்றாள் சுபத்ரா. "நினைக்கிறதுக்கு அவருக்கு நிறைய நாள் இருக்கு. எனக்குத்தான் இல்லை."

மணி அடித்தது. அவள் கைப்பையிலிருந்து காசு வைத்த ஒரு உறையை எடுத்து, அந்நியருக்குக் கொடுப்பதுபோல வலது கையால் கொடுத்தாள். வீட்டில் இவனிடம் எதைக் கொடுத்தாலும் அவள் தூக்கித்தான் போடுவாள். சேந்தன் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னான்.

திரும்பும்போது நடைவழி இரண்டே எட்டில் முடிந்துவிட்டது.

வீட்டில் ரத்தினவேல் விளக்கைப் போடாமல் உட்கார்ந்து நேற்றைய பஜ்ஜியைத் தின்றுகொண்டிருந்தார்.

"ஓட்டல் எப்படி மாப்பிள்ளை?"

"வசதியா இருந்தது மச்சான்."

"துணை?"

"வந்தாங்க."

"ஏதாவது... பேசினாங்களா?" அவர் கையில் பஜ்ஜி அப்படியே நின்றது.

"எதைப் பத்தி?" என்றான் சேந்தன்.

ரத்தினவேல் தலையைக் குனிந்துகொண்டார். சேந்தன் மின்விசிறியை இரண்டில் வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தான். படத்தை அவன் பார்க்கவில்லை. படத்திலிருந்து சுபத்ரா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அதை மாற்றாமல் வைத்துக்கொண்டான்.