மெக்கானிக் வந்துகொண்டே இருக்கிறார்

நாலு சுவருக்குள் எத்தனை மாடி வேண்டுமானாலும் ஏறுவார் லிஃப்ட் மெக்கானிக். வெட்டவெளியில் உயரம் என்றால் மட்டும் பயம். அதை வெளியே சொன்னால் தொழிலுக்கே இழுக்கு இல்லையா? அதனால் ஒருநாள் மலைச் சுற்றுலா வேனில் ஏறியதிலிருந்து வாய் ஓயாமல் அளந்துகொண்டே வந்தார். கூட வந்த ஏழெட்டுப் பேரும் வழிகாட்டிப் பெண்ணும் வாயைப் பிளந்து கேட்டார்கள்.

"ரோப் கார்னா என்னங்க? சாய்ஞ்சு போற லிஃப்ட். அவ்வளவுதான்!"

மனைவி மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மலையில் வேனை விட்டிறங்கி எல்லாரும் ஏறிய ரோப் கார் பள்ளத்தாக்குக்கு நேர் மேலே ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. எல்லாரும் நிபுணரைப் பார்த்தார்கள். நிபுணர் கம்பியைக் கட்டிப்பிடித்து, கண்ணை இறுக மூடியிருந்தார்.

ஒலிபெருக்கி கரகரத்தது. "யாரும் பயப்படாதீங்க. மெக்கானிக் கிளம்பிட்டாரு. வந்துக்கிட்டே இருக்காரு."

எல்லாருக்கும் உயிர் வந்தது. அவருக்கு மட்டும் இருந்த உயிரும் போனது. லிஃப்டில் மாட்டிக்கொண்டு கதறுகிறவர்களிடம் இத்தனை வருஷமாக அவர் போனில் சொல்கிற அதே வசனம், ஓர் எழுத்துகூட மாறவில்லை.

"அதான் கிளம்பிட்டாராமே, ஏன் சார் இப்படி நடுங்குறீங்க?" என்றாள் வழிகாட்டிப் பெண்.

மனைவிதான் நிதானமாகப் பதில் சொன்னாள். "கிளம்பிட்டாருன்னா இப்பதான் குளிக்கப் போறாருன்னு அர்த்தம்மா. துண்டு எடுத்துக் குடுக்கிறதே நான்தானே!"