இடக்கைப் பின்னல்

அய்ல்சாவைப் பக்கவாதம் தாக்கியது போன செப்டம்பரில். பேச்சு தப்பியது, கால் தப்பியது, வலது கை மட்டும் செத்துப்போய் மடியில் கிடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே, கோதுமை எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறது என்று என்னிடம் கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிர் பிழைத்து வந்தவள் கேட்கிற கேள்வியா இது?

டாஸ்மேனியாவில், ஹுவான் ஆற்றுப் பக்கம், பழைய தெய்வங்களைக் கும்பிடுகிற சின்னக் கூட்டம் எங்களுடையது. பிப்ரவரியில் லாமஸ், அதாவது அறுப்புத் திருநாள். என் கொட்டகைக்குப் பின்னால் விளைகிற கோதுமையில் கடைசிக் கட்டைக் கதிரோடு பின்னி, தாய் உருவம் செய்து கம்பத்தில் ஏற்றுவோம். யார் கை பின்னியதோ அவர் வீட்டில்தான் தாய் குளிர்காலம் முழுக்கத் தங்குவாள். வசந்தத்தில் மண்ணுக்குள் போவாள். வருஷா வருஷம் பின்னுவது அய்ல்சாதான். புருஷன் போன பிறகு ஜூலைக் குளிரில் அந்த வீட்டில் அவளுக்கு இருக்கிற ஒரே துணை அது. சிரிக்காதீர்கள், காலையில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அதனோடு பேசுவாள், நானே கேட்டிருக்கிறேன்.

பூசையை நடத்துகிற கெண்ட்ரிக் கெட்டவன் இல்லை. இங்கிலாந்திலிருந்து வந்த புத்தகத்தில் உள்ளபடி எல்லாம் நடக்க வேண்டும் அவனுக்கு, அவ்வளவுதான். அய்ல்சாவால் இனி முடியாது என்று அவனே முடிவு கட்டி, ஹோபார்ட் கடையில் ஒரு தாயை வாங்கி வைத்துவிட்டான். குளிர்காலத்துக்கு அவன் வீட்டில் இருக்கட்டுமாம். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்தான் போய்ச் சொன்னேன்.

"இன்னொரு கை இருக்குல்ல," என்றாள்.

புருஷனுடைய பட்டறை மேஜையில் தண்ணீரில் ஊறவைத்த கோதுமைத் தாள்களை இடுக்கியில் மாட்டி, ஒவ்வொன்றாக இடது கையால் மடித்தாள். தாள் பிளந்தது. கட்டு நழுவியது. பல்லால் நூலைக் கடித்து இழுத்ததில் உதடு கிழிந்தது. போதும் விடு என்று கத்திப் பார்த்தேன், காதிலேயே வாங்கவில்லை. ஒரு நாள் பார்க்கச் சகிக்காமல் கட்டின் நுனியைப் பிடிக்கப் போனேன்.

"கையை எடுடி. நீ தொட்டா அவ உன் வீட்டுக்குப் போயிருவா."

என் வயசுக்கு நான் யாரிடமும் அப்படித் திட்டு வாங்கியதில்லை. போய் ஊறவைத்த தண்ணீரை மாற்றினேன். அதற்கு மட்டும் அனுமதி இருந்தது.

லாமஸ் அன்று கம்பத்தில் கடைத் தாய் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தாள், சிவப்பு ரிப்பனும் அவளுமாக. எல்லோரும் வழக்கம்போல் இடப்பக்கமாக வட்டம் சுற்றி முடித்தோம். அய்ல்சா முன்னால் போய்த் தன்னுடையதை நீட்டினாள். இடுப்பு கோணல், ஒரு தோள் ஏற்றம். கெண்ட்ரிக் வாங்கித் திருப்பிப் பார்த்தான்.

"முறுக்கு தலைகீழா இருக்கே, அய்ல்சா. வலமால்ல வரணும்? புத்தகத்துல அப்படித்தான் இருக்கு."

"இப்ப நீ எந்தப் பக்கமா சுத்தின?"

"இடமா."

"ஏன்?"

"நம்ம ஊர்ல சூரியன் வடக்கு வானத்துல இடமாத்தானே போகுது, அது போற பக்கமா நாமளும்..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திவிட்டான்.

"இத்தனை வருஷமா வலக்கையால இங்கிலாந்துச் சூரியனுக்குப் பின்னிட்டு இருந்திருக்கேன்பா. நீங்களும் கும்பிட்டுட்டு இருந்திருக்கீங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நானாகவும் இருக்கலாம். கெண்ட்ரிக்கின் காது சிவந்துபோனது. ஆனாலும் அவனே ஏணியில் ஏறி, கடைத் தாயை இறக்கிவிட்டு, கோணல் இடுப்புக்காரியைக் கட்டினான்.

சாயங்காலம் தாயைக் கொண்டுவந்து கொடுக்கும்போது கொஞ்சம் தயங்கினான். நிஜமான கவலையோடுதான் கேட்டான், இந்த உடம்பை வைத்துக்கொண்டு குளிர்காலம் பூராவும் அவளைத் தனியாக எப்படிப் பார்த்துக்கொள்வாய் என்று.

"நான் எங்க பாத்துக்கிறேன்? அவதான் என்னைப் பாத்துக்குவா," என்றாள் அய்ல்சா.

என் வண்டியின் முன் சீட்டில் தாயை உட்காரவைத்து, இடது கையாலேயே பெல்ட்டையும் மாட்டிவிட்டு, அவள் பின்னால் ஏறிக்கொண்டாள். மெதுவாகத்தான் ஓட்டினேன்.