அனுப்புநர்: சிவசாமி

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் எங்கள் தொண்டு நிறுவனம் இருந்தது. தேயிலைத் தோட்ட மக்களை முன்னேற்றுவது எங்கள் வேலை. முதலில் முன்னேறியவர் பணிப்பாளர் சிவசாமி. அவருடைய தாத்தா தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வேலை வாங்கிய பெரிய கங்காணி. தாத்தா பார்த்த வேலையைத்தான் பேரனும் பார்த்தார், டை கட்டிக்கொண்டு.

இரண்டாயிரமாம் ஆண்டில் எங்களுக்கும் ஈமெயில் வந்தது. கொழும்பிலிருந்து டெக்னீஷியன் ஒருவர் வந்து லினக்ஸ் மெஷின் ஒன்றைப் பொருத்திவிட்டுப் போனார். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, படமெல்லாம் கிடையாது. முதல் கடிதம் எங்களுக்குப் பணம் தரும் வெளிநாட்டு உதவிக்காரர்களுக்குப் போனது. அனுப்புநர் என்ற இடத்தில் மெஷின் தன் பெயரையே போட்டுக்கொண்டது. பிரதியைப் பார்த்த சிவசாமிக்கு மூக்கு சிவந்துவிட்டது.

"நா ஒருத்தன் இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கேன். மெஷின் பேர்லயா காயிதம் போவும்?"

கம்ப்யூட்டருக்குப் பொறுப்பு தனுஜா. உடப்புசல்லாவைப் பக்கத் தோட்டமொன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்த பெண். அவள் மெயில் செட்டிங் ஃபைலைத் திறந்து ஒரே ஒரு வரி சேர்த்தாள். அன்றிலிருந்து யார் எதை அனுப்பினாலும் அனுப்புநர் சிவசாமிதான். நான் கடைக்குப் பேப்பர் கேட்டு எழுதினால் சிவசாமி கேட்டார். கணக்காளர் தன் மச்சானுக்குக் கல்யாண வாழ்த்து அனுப்பினால் சிவசாமி வாழ்த்தினார். இது எங்களுக்கு அதிசயமாகவே படவில்லை. லயத்துக்காரனுக்குச் சொந்த விலாசம் ஏது? எங்கள் அப்பா அம்மாவுக்குக் கடிதம் வந்தாலும் தோட்டத்தை நடத்தும் துரையின் பெயரைப் போட்டு, அவர் உட்காரும் தோட்டக் கந்தோர் வழியாகத்தான் வரும்.

உடப்புசல்லாவைத் தோட்டப் பெண்பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் பழக்கச் சொல்லி உதவிக்காரர்கள் நாலு கம்ப்யூட்டர்கள் அனுப்பியிருந்தார்கள். நாலும் சிவசாமியின் வீட்டில் இருந்தன. கேட்டால், 'பாதுகாப்பு' என்பார். அவருடைய மகன் அந்தப் பாதுகாப்பில் இருந்துகொண்டு கார் ரேஸ் ஓட்டினான். தனுஜாவோ சனிக்கிழமைதோறும் போய், அட்டையில் கீபோட் வரைந்து பிள்ளைகளுக்குப் பழக்கினாள். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள். டைப்படிக்கத் தெரிந்தால் நகரத்தில் ஒரு கந்தோர் வேலை. தெரியாவிட்டால் கொழும்பில் யாரோ வீட்டுச் சமையலறை. அவர்களில் இரண்டு பேரை அப்போதே வீட்டு வேலைக்கு ஆள் பிடிக்கும் புரோக்கர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தான்.

"இனிமேயும் வாயப் பொத்திக்கிட்டு இருந்தா நா மனுசியே இல்லண்ணே," என்றாள் என்னிடம்.

உதவிக்காரர்களுக்கு ஒரு கடிதம் அடித்தாள். நிறுவனத்தின் கம்ப்யூட்டர்கள் பணிப்பாளர் வீட்டில் கிடக்கின்றன, பிள்ளைகள் அட்டையைத் தட்டுகிறார்கள், இது வெட்கக்கேடு என்று நறுக்கென்று நாலு வரி. கீழே பெயர் போடவில்லை. செட்டிங்கிலிருந்த அந்த வரியையும் கவனமாக நீக்கிவிட்டுத்தான் அனுப்பினாள்.

சிவசாமியின் ஆசை அவளுடைய கவனத்தைவிடப் பெரியது. தன் பெயர் ஒரு கடிதத்திலும் தவறிவிடக் கூடாதென்று, டெக்னீஷியனைப் பிடித்து மெஷினில் இன்னோர் இடத்திலும் அதே வரியை ஏற்றி வைத்திருந்தார். அது எங்களுக்குத் தெரியாது. பிரதியைத் திறந்து பார்த்தபோதுதான் தனுஜாவின் முகம் வெளுத்தது. சிவசாமியைப் பற்றிய புகாரை அனுப்பியவர் சிவசாமி!

பதில் நேராக அவருக்கே வந்தது. எல்லாரையும் கூப்பிட்டார். வேலை போய்விட்டது என்றே நினைத்தோம். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். 'அன்பின் சிவசாமி, தன் குறையைத் தானே இவ்வளவு வெளிப்படையாக எழுதிய பணிப்பாளரை நாங்கள் இதுவரை கண்டதில்லை. எங்கள் மாநாட்டில் நேர்மை பற்றி நீங்கள் பேச வேண்டும்.'

அவர் கடிதத்தை மடித்து வைத்தார்.

"எழுதுனது யாருன்னு நா கேக்கப் போறதில்ல. எம்பேர்ல போச்சு. அப்ப நாந்தான் எழுதுனேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்தார், புதுக் கோட்டுத் தைக்கக் கொடுத்தார். கம்ப்யூட்டர்களை மட்டும் கொடுக்கவில்லை. அந்த வாரமே புரோக்கர் ஒரு பிள்ளையைக் கொழும்புக்குக் கூட்டிப் போய்விட்டான்.

அந்தச் செய்தி வந்த அன்று தனுஜா சாப்பிடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்று பார்த்தேன். 'மாநாட்டுக்கு முன்பே என் குறையைத் திருத்த விரும்புகிறேன். வரும் திங்கட்கிழமை நாலு கம்ப்யூட்டர்களையும் தோட்டத்தில் நானே ஒப்படைப்பேன். உங்கள் கொழும்புப் பிரதிநிதி கமராவோடு வருவது நல்லது.'

"புள்ள, அவருக்குத் தெரிஞ்சா?"

"அவரு பேர்ல போனா அவருதான் எழுதுனதுன்னு அவரே சொன்னாருல்ல?" என்றாள். அனுப்பிவிட்டாள்.

பிரதிநிதி வருகிறார் என்று பதில் வந்தபோது சிவசாமியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். 'நான் எழுதவில்லை' என்று அவர் சொன்னால் முதல் கடிதத்தின் பெருமையும் போகும், மாநாடும் போகும். திங்கட்கிழமை லொறி வந்தது. நாலும் இறங்கின. மகன் வீட்டில் அழுதானாம், எனக்கு இரக்கம் வரவில்லை.

பிள்ளைகள் சிவசாமிக்கு மாலை போட்டார்கள். நேர்மை தன் ரத்தத்தில் ஊறியது என்று அவர் முக்கால் மணிநேரம் பேசினார். பிரதிநிதி ஒரு பிள்ளையிடம் இதையெல்லாம் கொண்டுவந்தது யார் என்று கேட்டார். "டைரக்டர் ஐயா" என்றது அது. ஓரமாக நின்று வயர் சொருகிக்கொண்டிருந்த தனுஜாவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் அவளைக் காட்டிச் சொல்ல வாயெடுத்தேன். அவள், "பேரு அவருக்கு, கீபோடு புள்ளைங்களுக்கு. விடுங்கண்ணே," என்றாள்.

கிளம்பும்போது சிவசாமி அவளிடம் குனிந்து பல்லைக் கடித்தார்.

"இனிமே மெஷின்ல எம்பேரத் தொட்டே..."

"தொடவே மாட்டேங்க சேர். அது அப்பிடியே இருக்கட்டும்."

மறுநாள் காலை, மழைக்காலம் முழுக்கத் தோட்டத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்வரத் தமது வாகனத்தை விட்டுக்கொடுக்கப் போவதாகச் சிவசாமி உதவிக்காரர்களுக்கு எழுதினார். பாராட்டுப் பதில் வரும்வரை அது அவருக்குத் தெரியாது.